யார் பார்க்கக் கற்பித்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் வசிக்கிறேன். ஐம்பது வயதைக் கடந்தவள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலை வேளையில் ஒரு சீனப் பெரியவரிடம், மூச்சையும் அசைவையும் இணைக்கும் சீனப் பயிற்சியான சீகோங்கை ஏழு ஆண்டுகளாகக் கற்று வருகிறேன். எட்டு அசைவுகள் கொண்ட பா துவான் ஜின், அசையாமல் நிற்கும் பயிற்சி, இவ்வளவுதான். சிஃபூவிடம் (ஆசானை அப்படித்தான் அழைப்போம்) எந்தச் சான்றிதழும் கிடையாது. இளம்வயதில் தன் ஆசானிடம் கற்றதாகச் சொல்வார். அதற்கு மேல் பேசமாட்டார். கட்டணமும் வாங்குவதில்லை.

சீன மொழி தெரியாததால் அங்கே வரத் தயங்கும் தமிழ்ப் பெண்கள் சிலர் என்னைக் கற்றுத்தரச் சொல்கிறார்கள். சமூக மன்றத்தில் இடம் கேட்டேன். பயிற்றுநர் சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். இணையத்தில் ஆறு வாரத்தில் சான்றிதழ் தரும் வகுப்பு ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். சிஃபூவிடம் சொன்னபோது சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மரபுவழியில் கற்ற எனக்கு அந்தக் காகிதம் தேவையா? அது இல்லாமல் கற்பித்தால் தவறா?

ச., சிங்கப்பூர்

அன்புள்ள ச.,

சான்றிதழ் வாங்குங்கள். ஆனால் அந்த ஆறு வார இணைய வகுப்பில் வேண்டாம். நீங்கள் முதலில் செய்யவேண்டியது வேறொன்று இருக்கிறது. அதை இரண்டு தரப்புமே உங்களிடம் கேட்கவில்லை என்பதால்தான் இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மரபு என்பது பழையது, தூயது; சான்றிதழ் என்பது நேற்று வந்த வியாபாரம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது. சீகோங்கின் வரலாறு அப்படி இல்லை. மூச்சையும் அசைவையும் இணைக்கும் பயிற்சிகள் சீனாவில் மிகப் பழையவைதான். மாவாங்துய் என்ற இடத்தில் 1970களில் தோண்டிய கல்லறை ஒன்றில் கிடைத்த பட்டு ஓவியத்தில் நாற்பத்து நான்கு பேர் பயிற்சி செய்கிறார்கள். அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். ஆனால் இன்று நீங்களும் நானும் அறிந்த சீகோங் வகுப்பு 1950களில் உருவானது. ஹெபெய் மாகாணத்தில் லியூ குய்ஜென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் வயிற்றுப் புண்ணால் அவதிப்பட்டு ஊர் திரும்பி, லியூ துஜோவ் என்ற பெரியவரிடம் ஒரு பயிற்சியைக் கற்றுக் குணமானார். அதுவரை ஆசானிடமிருந்து சீடனுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த அந்தப் பயிற்சியை அவர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். பெய்தாய்ஹெ என்ற கடற்கரை ஊரில் 1950களின் நடுவில் அதற்கென்றே ஒரு சிகிச்சை இல்லம் எழுந்தது. வெளியூர் மருத்துவப் பணியாளர்கள் அங்கே வந்து பயின்று போனார்கள். அதாவது, நவீன சீகோங் பிறந்தபோதே வகுப்பறையோடு சேர்ந்துதான் பிறந்தது. லியூ குய்ஜென்னிடம் ஆசான் வழி, வகுப்பறை வழி இரண்டுமே இருந்தன.

பிறகு நடந்ததைத்தான் மரபைப் போற்றுபவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கலாசாரப் புரட்சியில் எல்லாம் முடங்கி, 1980களில் சீகோங் மோகம் சீனாவை ஆட்டிவைத்தது. பூங்காக்கள் நிரம்பின, விளையாட்டரங்குகள் நிரம்பின. மேடையேறியவர்களில் பலர் மலையில் வாழும் துறவியிடம் ரகசியமாகக் கற்றதாகச் சொன்னார்கள். யாராலும் சரிபார்க்க முடியாத அந்தப் பரம்பரையே அவர்களுக்கு மூலதனம். கையை நீட்டினால் நோய் தீரும் என்றார்கள். பயிற்சியால் மனம் கலங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களைச் சீன மருத்துவர்கள் தனியாகவே வகைப்படுத்தினார்கள். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலும் இது இடம்பெற்றது. 1999இல் ஃபாலுன் கோங் என்ற சீகோங் சார்ந்த ஆன்மிக இயக்கம் தடைசெய்யப்பட்ட பிறகு அரசு எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. விளையாட்டுத் துறையின் கீழ் ஓர் அமைப்பை ஏற்படுத்தி, 2003இல் நான்கு பயிற்சிகளைத் திருத்தி வெளியிட்டது. உங்கள் பா துவான் ஜின் அவற்றில் ஒன்று. தேர்வும் ஒன்பது படிநிலைகளும் பின்னால் வந்தன. அரசியல் கட்டுப்பாடு அதில் முக்கிய நோக்கம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் போலிப் பரம்பரைகள் மக்களை ஏய்த்திருக்காவிட்டால், ஒரு சான்றிதழுக்கு இவ்வளவு மதிப்பு வந்திருக்காது.

ஆகவே சமூக மன்றத்தின்மேல் கோபப்படாதீர்கள். அவர்களுக்கு உங்களையும் தெரியாது, உங்கள் சிஃபூவையும் தெரியாது. முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டவேண்டிய குறைந்தபட்ச உறுதி அந்தக் காகிதம். நல்ல பயிற்றுநர் வகுப்பில் உடற்கூறு சொல்லித்தருவார்கள், முதலுதவி சொல்லித்தருவார்கள், எப்போது மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று சொல்லித்தருவார்கள். கீழ்த்தளத்தில் ஏழு ஆண்டு கற்றாலும் இவை தாமாக வந்துவிடாது.

ஆனால் தேர்வில் அளப்பது உங்கள் அசைவை. கை எந்த உயரத்தில், கால் எவ்வளவு அகலத்தில், மூச்சு எந்த இடத்தில். எதிரே நிற்கும் அறுபத்தெட்டு வயதுப் பெண்ணின் உடம்பை உங்களுக்குப் பார்க்கத் தெரியுமா என்பதைப் பல தேர்வுகள் அளப்பதில்லை.

பா துவான் ஜின்னின் ஐந்தாவது அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். கால்களை அகட்டி, குதிரைமேல் உட்கார்ந்தது போலத் தாழ்ந்து, உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, தலையைச் சுழற்றி நிமிரவேண்டும். படத்தில் அழகாக இருக்கும். வகுப்பில் என்ன நடக்கும்? தாழும்போது முழங்கால்கள் உள்பக்கமாக மடங்கும், செய்பவருக்கே தெரியாது. தலை இடுப்பு மட்டத்துக்குத் தொங்கிவிடும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் அங்கிருந்து சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டும். முகம் வெளிறுவதற்கு முன்பே அதைப் பார்த்து, "இன்று இவ்வளவு தாழவேண்டாம், தலையை நேரே வைத்து இடுப்பை மட்டும் அசையுங்கள்" என்று சொல்பவர்தான் ஆசிரியர். எட்டாவது அசைவில் குதிகாலை உயர்த்தி ஏழு முறை தரையில் தட்டுகிறோமே, எலும்பு தேய்ந்த பெண்ணுக்கு அதைத் தட்டாமல் மெதுவாக இறக்கச் சொல்லவேண்டும். இதையெல்லாம் அச்சிட்டுக் கொடுக்கலாம். ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் அசையும்போது யாரிடம் பிசகு நடக்கிறது என்று கண் தானாகப் போய் நிற்பதற்கு நெடுநாள் பழக்கம் வேண்டும்.

மரபின் உண்மையான சொத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. ரகசிய மூச்சிலோ, மண்டியிட்டுத் தேநீர் கொடுத்துச் சீடராகும் சடங்கிலோ இல்லை. சீனப் பயிற்சிப் பள்ளிகளில் மூத்த சீடர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஆசான் பின்னால் நடந்துகொண்டிருப்பார். நான் கற்ற இடத்திலும் அப்படித்தான். மூத்தவர் ஒருவர் புதிதாக வந்தவரின் தோளை அழுத்தித் தாழ்த்திக்கொண்டிருந்தபோது, ஆசான் வந்து அந்தக் கையை எடுத்துவிட்டு, வந்தவரின் இடுப்பில் இரண்டு விரல் வைத்தார். தோள் தானாக இறங்கியது. பிழை இடுப்பில் இருந்தது. அந்த மூத்தவர் அன்று கற்றது அசைவை அல்ல, கற்பிப்பதை. இப்படி ஆண்டுக்கணக்கில் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கத் தான் கற்பித்து, அங்கேயே திருத்தப்பட்டு வந்தவர்தான் மரபில் ஆசிரியரானார். இந்த வாய்ப்பை ஒரு பரம்பரை தராவிட்டால் அதற்கும் உங்கள் இணைய வகுப்புக்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

நீங்கள் ஏழு ஆண்டு கற்றிருக்கிறீர்கள். கற்பித்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. சிஃபூ சிரித்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமுடியாது. ஆனால் அவரிடம் கேட்கவேண்டியது அனுமதியல்ல, வேலை. காலை வகுப்பில் உடலைத் தளர்த்தும் பகுதியை நான் நடத்தட்டுமா என்று கேளுங்கள். அந்தத் தமிழ்ப் பெண்களில் இரண்டு மூன்று பேரை அங்கேயே அழைத்து வாருங்கள். அவர் சீனத்தில் சொல்வதை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். அவர் கண் உங்கள்மேல் இருக்கட்டும். அவர் எங்கே வந்து குறுக்கிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆண்டாவது இது நடக்கட்டும்.

சான்றிதழுக்கு, நேரில் நடக்கும் வகுப்பாகத் தேடுங்கள். உங்கள் அசைவைப் பார்த்துத் திருத்துபவர் அங்கே இருக்கிறாரா, நீங்கள் ஒரு வகுப்பை நடத்திக் காட்டவேண்டுமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்றால் வேறு இடம் பாருங்கள். அரசு வெளியிட்ட வடிவத்துக்கும் சிஃபூவின் வடிவத்துக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். தேர்வுக்கு அதைச் செய்யுங்கள், காலையில் இதைச் செய்யுங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி: காகிதம் இல்லாமல் கற்பிப்பது தவறா? நாலு தோழிகளுக்குத் தெரிந்ததைச் சொல்லித்தருவது தவறே அல்ல. நோய் தீரும் என்று சொன்னால் தவறு. மருந்தை நிறுத்தலாம் என்று ஒருவர் நினைக்கும்படி பேசினாலும் தவறு, கையில் எத்தனை சான்றிதழ் இருந்தாலும். முதல் நாளே ஒவ்வொருவரிடமும் இரத்த அழுத்தம், முழங்கால், முதுகு, கண் அழுத்த நோய், மனநலச் சிகிச்சை பற்றித் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கண் அழுத்தம் உள்ளவரை ஆறாவது அசைவில் குனியவிடாதீர்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவரை, அவருடைய மருத்துவரின் சம்மதம் இல்லாமல் நீண்டநேரம் கண்மூடி நிற்கவைக்காதீர்கள்.

வகுப்பில் சேர்வதற்குப் பணம் கட்டும் முன் சிஃபூவிடம் சொல்லிவிடுங்கள். போனமுறை நீங்கள் பேசியது ஆறு வார வகுப்பைப் பற்றி. இந்தமுறை, அவர் பார்க்க ஓராண்டு கற்பிக்க விரும்புவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.