ஏவாள் முதலில் கனியைப் புசித்ததால்தான் மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டுமா?

யாரோ உங்களிடம், கனியைப் புசித்த ஏவாளிடம் தேவன் "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்று சொல்லும் பைபிள் வசனத்தை, ஆதியாகமம் 3:16-ஐ, எடுத்துக் காட்டி வாயை அடைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில்தான் இந்த வசனம் அதிகம் வெளியே வரும். என் பதில்: இல்லவே இல்லை.

எனக்கு முதல் பிரசவம். இரவெல்லாம் வலி, குழந்தை இறங்கவில்லை. முதுகில் ஊசி போட்டால் வலி குறையும் என்றார் டாக்டர். மாமியார் குறுக்கே வந்தார். "வேதனையோடே பிள்ளை பெறுவாய்னு கர்த்தரே சொல்லியிருக்காரு, ஊசி எதுக்கும்மா?" நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினார். என் கணவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தன் அம்மா முகத்தையே பார்த்தார். அந்தப் பேனாவை வாங்கி நானே கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை.

மாமியார் சொன்னது ஒன்றும் புதிதல்ல. ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1847-ல் பிரசவ வலி தெரியாமலிருக்கக் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபோதும் இதே வசனம் வந்தது. தேவன் ஆதாமை அயர்ந்த நித்திரையில் ஆழ்த்திவிட்டுத்தானே விலா எலும்பை எடுத்தார் என்று அவரும் வேதத்தை வைத்தே பதில் எழுதினார். 1853-ல் விக்டோரியா மகாராணியே அதை எடுத்துக்கொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரசவ வேதனையும் "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்பதும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. அடுத்த வசனங்களில் ஆணுக்கு, நிலம் முள் முளைப்பிக்கும், வேர்வை சிந்தித்தான் சாப்பிடுவாய் என்று வருகிறது. முள்ளைப் பிடுங்குகிறோம், வேர்வை குறைய மெஷின் வாங்குகிறோம், யாரும் பாவம் என்று சொல்வதில்லை. ஆளுகையை மட்டும் ஏன் கட்டளையாக வைத்துக்கொள்ள வேண்டும்? அது பாவத்தின் விளைவைச் சொல்லும் வார்த்தை, கட்டளை அல்ல என்று பெண்ணுரிமைக்காகப் போராடிய அமெரிக்கர் சாரா கிரிம்கே 1838-லேயே எழுதிவிட்டார். பாவத்துக்கு முன்னால், ஆதியாகமம் 1:28-ல், பூமியை ஆளச் சொன்னது இருவரிடமும்தான்.

நான் வேதத்தை வளைக்கிறேன் என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: 1 தீமோத்தேயு 2-ம் அதிகாரம் எனக்கும் தெரியும். ஸ்திரீ போதிக்கக் கூடாது என்று சொல்லி, அதற்குக் காரணமாக ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான், வஞ்சிக்கப்பட்டவள் ஸ்திரீ என்று பவுல் எழுதியிருக்கிறார். அதே பவுல் ரோமர் 5-ல் பாவம் உலகத்துக்குள் வந்த பழியை ஆதாமின் மேல்தான் வைக்கிறார். 1 கொரிந்தியர் 11-ல் புருஷனும் ஸ்திரீயால் பிறக்கிறான் என்கிறார். மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். தவிர, புசிக்காதே என்ற கட்டளையை ஏவாள் உருவாகும் முன்பே நேரடியாகக் கேட்டவன் ஆதாம். அவள் கொடுத்ததும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் புசித்தான். அப்புறம் "நீர் தந்த ஸ்திரீ" என்று தேவன் மேலேயே பழியைப் போட்டான். கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பையன்களுக்கு ஆதியாகமம் சொல்லிக்கொடுப்பது நான்தான். அவர்கள் வாலிபர் கூட்டத்துக்குப் போனதும் அங்கே நான் பேசக் கூடாதாம், அது ஆண்களுக்குப் போதிப்பதாகிவிடுமாம். எந்த வயதில் பையன் ஆணாகிறான், அதற்கு வசனம் எது என்று போதகருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.