ஸ்வீடன் திருச்சபையின் ஆர்ச்பிஷப் மற்ற பிஷப்புகளுக்கு மேலதிகாரியா?

கேள்வி: ஸ்வீடனின் லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) சபையான ஸ்வீடன் திருச்சபைக்குத் தலைவர் உப்சாலா நகரத்துப் பேராயர்தானா? மற்ற பிஷப்புகளுக்கு அவர் உத்தரவு போடலாமா?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கத்தோலிக்கர்கள் பிஷப்பை ஆயர் என்றும், ஆர்ச்பிஷப்பைப் பேராயர் என்றும் சொல்வார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளிலோ பிஷப்பே பேராயர்தான். அதனால் இங்கே பிஷப், ஆர்ச்பிஷப் என்றே எழுதுகிறேன்.

உத்தரவு போட முடியாது. ஸ்வீடனில் 13 திருமண்டலங்கள், அதாவது ஆளுக்கொரு பிஷப்பின் கீழ் வரும் பகுதிகள். ஒவ்வொன்றிலும் அதன் பிஷப்புக்குத்தான் பொறுப்பு. ஆர்ச்பிஷப் அவர்களுக்குள் முதல்வர், அவ்வளவுதான். பிஷப்புகள் கூட்டத்துக்கும் திருச்சபையின் மத்திய நிர்வாகக் குழுவுக்கும் தலைமை தாங்குவார், புதிய பிஷப்புகளுக்கு அபிஷேகம் செய்வார், அரச குடும்பத்துத் திருமணம் போன்றவற்றை நடத்துவார். நாடு முழுக்க அலைய வேண்டிய வேலை என்பதால், உப்சாலா திருமண்டலத்தைப் பார்த்துக்கொள்ள 1990 முதல் தனியாக இன்னொரு பிஷப்பும் இருக்கிறார்.

அப்படியென்றால் முடிவெடுப்பது யார்? நான் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம், இப்போது உப்சாலாவில் இருக்கிறேன். 2025 செப்டம்பரில் நடந்த திருச்சபைத் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். கையில் மூன்று சீட்டு: உள்ளூர் சபைக்கு வெள்ளை, திருமண்டலத்துக்கு இளஞ்சிவப்பு, தேசியப் பேரவைக்கு மஞ்சள். 16 வயதான அங்கத்தினர் எல்லோரும் போடலாம். அந்த மஞ்சள் சீட்டில் தேர்வாகும் 251 பேர்தான் திருச்சபைச் சட்டத்தையே மாற்றக்கூடியவர்கள். 2009இல் ஒருபாலினத் திருமணத்தை ஏற்றதும் அந்தப் பேரவைதான். பிஷப்புகள் அங்கே போய் உட்கார வேண்டும், பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஓட்டு மட்டும் கிடையாது. ஆர்ச்பிஷப்புக்கும் அதே கதிதான். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

ஆனால் ஓட்டு இல்லாத அந்த ஆளின் வார்த்தைக்கு இருக்கும் கனம் வேறு. பழைய ஆர்ச்பிஷப் நாதான் சோடர்ப்லோமைப் பாருங்கள். அப்போதெல்லாம் ஆர்ச்பிஷப்பை அரசாங்கம்தான் நியமிக்கும் (2000இல் அரசும் திருச்சபையும் பிரிந்ததோடு அது போய்விட்டது). பரிந்துரைப் பட்டியலில் மூன்றாவதாக இருந்த அவரை 1914இல் நியமித்தார்கள். அதே வருடம் முதல் உலகப் போர். சண்டை போடும் நாடுகளின் திருச்சபைகளுக்கு அவர் சமாதான வேண்டுகோள் அனுப்பினார், பெரிய பலன் இல்லை. விடவில்லை. 1925இல் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையினர் என்று எல்லோரையும் ஸ்டாக்ஹோமில் ஒரே மாநாட்டில் உட்கார வைத்தார். ரோமாபுரி, அதாவது கத்தோலிக்கத் திருச்சபை, மட்டும் வரவில்லை. அவர்களில் யாரையும் வா என்று கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அழைத்தார், வந்தார்கள். 1930இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. உப்சாலா பேராலயத்துக்குள்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கே போகும்போதெல்லாம் அந்தக் கல்லருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

அப்புறம், நம் ஊர்த் தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் மிஷனைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஹ்யூமன் 1921இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பிஷப் ஆனது சோடர்ப்லோம் காலத்தில்தான். ஒரு பிஷப் அடுத்த பிஷப்பின் தலைமேல் கைவைத்து அபிஷேகம் செய்யும் அந்தத் தொடர்ச்சி ஸ்வீடனிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்தது. 1956இல் ராஜா பூஷணம் மாணிக்கம் முதல் இந்திய பிஷப் ஆனார். அதற்காக உப்சாலா ஆர்ச்பிஷப்புக்கு எங்கள் சபைமேல் எந்த அதிகாரமும் இல்லை. ஆனாலும் உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா ஃபோன் செய்தால், "நம்ம ஆர்ச்பிஷப் எப்படி இருக்காரு?" என்றுதான் கேட்பார்.