வெளியே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: 2024-இல் 8.40 லட்சம் கொடுத்து பெட்ரோல் கார் வாங்கினேன். வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. 20,000 கி.மீ. வரை கம்பெனி சர்வீஸ். 30,000-இல் தெரிந்த மெக்கானிக்கிடம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். 36,400-இல் ஆயில் விளக்கு எரிந்தது, 4 கி.மீ. ஓட்டி வீடு வந்தேன். மறுநாள் இஞ்சின் சுற்றவில்லை. சர்வீஸ் சென்டரில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வெளி ஆயில், கசடு பிடித்துவிட்டது, வாரண்டி கிடையாது" என்று 1.85 லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். செலவை நீங்களே ஏற்றுக்கொண்டதாக அந்தக் கையெழுத்தை நாளை உங்கள் முன்னால் வைப்பார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, கையெழுத்து விழுந்ததும் சம்ப்பில், அதாவது இஞ்சினின் அடித் தொட்டியில் இருக்கும் ஆயிலை வடித்துக் கொட்டிவிடுவார்கள். உங்கள் வழக்கே அந்த ஆயிலில்தான் இருக்கிறது.

இன்றே டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் இந்த நான்கும் இருக்கட்டும்: நான் இல்லாமல் இஞ்சினைப் பிரிக்கக் கூடாது. பழைய ஆயில், ஃபில்டர், ஸ்ட்ரெய்னர் (பம்ப்புக்கு முன் ஆயிலை வடிகட்டும் வலை), பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) எதையும் அப்புறப்படுத்தக் கூடாது. வாரண்டி மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கார் கம்ப்யூட்டரின் ஸ்கேன் ரிப்போர்ட் நகல் வேண்டும். வண்டி நிற்கும் நாளுக்குப் பார்க்கிங் கட்டணம் கேட்டால், தகராறு முடியாததால்தான் நிற்கிறது என்று எழுத்திலேயே மறுத்துவிடுங்கள்.

இரு தரப்பும் பார்க்க, சுத்தமான உலர்ந்த பாட்டில்கள் இரண்டில் ஆயில் எடுத்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திடுங்கள். ஒன்றை என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 100 டிகிரியில் பாகுத்தன்மை, உலோகத் துகள், கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பெட்ரோல் கலப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். உங்கள் மேனுவல் சொல்வது 5டபிள்யூ-30 கிரேடு ஆயில் என்றால், புது ஆயிலில் அந்தப் பாகுத்தன்மை 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறையாமலும் 12.5-க்குள்ளும் இருக்கும், ஓடிய ஆயிலில் ஓரளவு மாறியிருக்கலாம். கூலன்ட் கலந்திருந்தால் கோளாறு கேஸ்கெட் (இஞ்சின் பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கும் தகடு) பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆயிலைக் குறை சொல்லும் வாதம் அங்கேயே தளர்ந்துவிடும். இரண்டாவது பாட்டிலைத் தொடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38-இன்படி நுகர்வோர் ஆணையமே மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப முடியும். அந்த அறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

"வெளியே செய்தாய், வாரண்டி போயிற்று" என்பது மட்டும் போதாது. 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீதான உத்தரவில் இந்தியப் போட்டி ஆணையம், வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி மொத்தமாக ரத்து என்ற பொது நிபந்தனை கூடாது என்றது. வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம். அதன் மீது மேல்முறையீடுகள் நடந்தன. ஆனாலும் வாதத்துக்கு வலுவான பிடி அது. மூடியைத் திறந்து பார்த்தால் கசடு தெரியும், அதன் காரணம் தெரியாது.

உங்கள் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். மேனுவல்களில் பெரும்பாலும் 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்றிருக்கும். கி.மீ. கணக்கில் தப்பித்தீர்கள், மாதக் கணக்கையும் பாருங்கள். அந்த 4 கி.மீ.தான் எனக்குக் கவலை. விளக்கு எரிந்தால் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். பேரிங்குக்கு ஆயில் போகாமல் உலோகமும் உலோகமும் உரசும். உடனே நிறுத்தச் சொல்லும் மேனுவலை எதிர்தரப்பு நிச்சயம் காட்டும். மறைக்காதீர்கள். அழுத்தம் ஏன் விழுந்தது என்ற கேள்வியை முன்னால் வையுங்கள்: பம்ப்பா, ஸ்ட்ரெய்னர் அடைப்பா, ஆயில் குறைவா? டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) இப்போதே போட்டோ எடுங்கள்.

ஆயில் பில், கேனில் உள்ள கிரேடும் பேட்ச் எண்ணும், ஃபில்டர் பில், பணம் அனுப்பிய பதிவு எல்லாம் வேண்டும். மெக்கானிக் பில் தரவில்லையா? தேதி, கி.மீ., ஊற்றிய அளவு குறிப்பிட்டு அவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். சேவைக் குறைபாட்டைக் காட்டும் முதல் பொறுப்பு உங்களுடையது.

15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ். பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துப் புகார். உங்கள் கார் விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். புகார் கொடுக்கக் கெடு 2 வருடம். ஆயில் கெட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள்.