டாக்டரிடம் கேளுங்கள்: வலிக்காத நெறி

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஒரு வருடத்தில் மூன்று முறை கழுத்தின் வலப்பக்கம் நெறி கட்டிவிட்டது. ஐந்து நாள் மாத்திரையில் வற்றும், மறுபடி வரும். இப்போது நெல்லிக்காய் அளவில் இரண்டு கட்டிகள். நல்லவேளையாக வலி இல்லை. மாமியார் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் 'கண்டமாலை' என்கிறார்கள். வரன் பார்க்கும் நேரம், பயமாக இருக்கிறது டாக்டர்.
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: 'நல்லவேளையாக வலி இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. எனக்கு அந்த வரிதான் கவலையைத் தந்தது. தொண்டைப் புண்ணாலோ, பேன் கடித்துச் சொறிந்த தலைப்புண்ணாலோ கட்டும் நெறி பெரும்பாலும் தொட்டால் வலிக்கும். புண் ஆறிய சில வாரங்களில் அதுவும் சுருங்கிவிடும்.

முதலில் மகளின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகனுக்குத் தாடைக்குக் கீழே கட்டிய நெறிக்கு மூன்று தடவை மாத்திரை எழுதிக்கொடுத்தேன். நான்காம் தடவைதான் அவன் கடைவாய்ப் பல் சொத்தையைக் கண்டேன். அந்தப் பிள்ளை வீணாக விழுங்கிய மாத்திரைகளை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

பல்லும் தொண்டையும் சரியாக இருந்தால், நம் ஊரில் அடுத்து நினைக்க வேண்டியது காசநோய். நுரையீரலில் மட்டுமல்ல, கழுத்து நெறியிலும் அது வரும். பழையவர்கள் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். நான்காவது முறையும் மாத்திரை வாங்காதீர்கள். சில ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கி, நோயை மறைத்துவிடும். கட்டியில் மெல்லிய ஊசியால் எடுக்கும் சோதனை வேண்டும்; எடுத்ததைக் காசநோய்க் கிருமிக்கான மரபணுச் சோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஊசி குத்தினால் நோய் பரவும் என்பது வீண் பயம். மார்பு எக்ஸ்ரேயும் அவசியம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், வேண்டாம். யாரும் கட்டியைக் கீறிவிடவும் வேண்டாம். ஆறாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கும்.

காசநோய் என்றே வந்தாலும் கலங்காதீர்கள். வழக்கமாக ஆறு மாத மாத்திரை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் தருகிறார்கள். நுரையீரல் காசநோயையே சானடோரியம் என்ற தனிக் காசநோய் மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டில் வைத்து மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். நெறியில் மட்டும் உள்ள நோய் அடுத்தவருக்குத் தொற்றாது. மகளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்து அவள் மனத்தை நோகடிக்காதீர்கள். சிகிச்சையின் நடுவில் கட்டி சற்றுப் பெரிதாவதும் உண்டு. பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வரன் ஆறு மாதம் காத்திருக்கட்டும்.

கட்டி கல்போல் கடினமாக இருந்தாலோ, காறை எலும்புக்கு மேலே தென்பட்டாலோ, இரவில் உடை நனைய வியர்த்து எடை குறைந்தாலோ, இந்த வாரமே போங்கள். நிணநீர்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய, ஒரு கட்டியை முழுதாக எடுத்துச் சோதிக்க வேண்டிவரலாம். போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள் அத்தனையையும் கையோடு கொண்டுபோங்கள்.