வாசகர் கேள்வி பதில்: பட்டியலில் பேர் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் கேரம் கிளப்புக்கு வரும் 17, 18 வயதுப் பையன்கள் அரசியல் என்றாலே "நமக்கெதுக்குண்ணா" என்று எழுந்து போய்விடுகிறார்கள். ஓட்டுப் போட வைப்பது எப்படி?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கட்சி, தலைவர் என்று பேச்சைத் தொடங்காதீர்கள். எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை என ஏதாவது ஒன்றை அவர்களே தேர்ந்தெடுத்து, மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். வேலை நடக்காவிட்டால் அதே எண்ணோடு வார்டு கவுன்சிலரைப் பார்க்கட்டும். தெருவிளக்கு மாநகராட்சியுடையது, கழிவுநீர் அடைப்பு குடிநீர் வாரியத்துடையது. எதற்கு யாரிடம் போவது என்று தெரியாமல் அலைந்துதான் பலருக்கு அரசியலே வெறுத்துப்போகிறது.

ஆர்வம் வந்த பிறகு வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். 17 முடிந்தாலே பேர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்கலாம்; 18 முடிந்ததும் பேர் ஏறும். 18 முடிந்துவிட்டதா என்று கணக்குப் பார்க்கும் தகுதி நாள் முன்பு ஜனவரி 1 ஒன்றுதான். 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 தேதிகளும் உண்டு.

வடசென்னையில் சிக்கல் பெரும்பாலும் முகவரிச் சான்றில்தான். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். அது இங்கே எத்தனை வீட்டில் இருக்கிறது? கரண்ட் பில்லோ வீட்டுக்காரர் பேரில் இருக்கும். இப்போதைய முகவரியுள்ள ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் போதும். எதுவுமே இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரிப்பார். அவர் வரும்போது வீடு பூட்டியிருந்தாலோ, ஒரே கதவு எண்ணில் பல குடித்தனங்கள் இருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ மனு நின்றுபோகும். அதனால் மாடி, போர்ஷன் விவரத்தைத் தெளிவாக எழுதி, எடுத்துப் பேசக்கூடிய கைபேசி எண்ணைக் கொடுங்கள்.

வாக்காளர் அட்டை கையில் இருந்தும் பட்டியலில் பேர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. பேர் இருந்து அட்டை இல்லையென்றால் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ காட்டிப் போடலாம். தேர்தலுக்கு முன் ஒவ்வொருவரும் வாக்காளர் இணையதளத்தில் தங்கள் பேரைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்; சந்தேகம் இருந்தால் 1950 எண்ணில் கேட்கலாம்.

கேள்வி: என் மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். எங்கே பதிவது?
- வாசகி, ராயபுரம்

பதில்: வீட்டு முகவரியிலும் பதியலாம், கல்லூரி தரும் சான்றோடு ஹாஸ்டல் முகவரியிலும் பதியலாம். ஏதாவது ஒரு இடத்தில் மட்டும்தான். வாக்குப்பதிவு அன்று ஊருக்கு வர முடியாது என்று தோன்றினால் கோவையே நல்லது. படிப்பு முடிந்து திரும்பியதும் படிவம் 8 கொடுத்து ராயபுரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.