மதியம் வாடும் மாடித்தோட்டம்: காலை ஆறு மணிக்கு ஒருமுறை பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 22 கறுப்புப் பைகளில் காய்கறி போட்டிருக்கிறேன். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம், கொஞ்சம் செம்மண் கலந்த கலவை. மார்கழியில் நட்ட தக்காளியும் மிளகாயும் பங்குனி வரை நன்றாகக் காய்த்தன. சித்திரை பிறந்ததிலிருந்து ஒன்றும் சரியில்லை. மதியமானால் எல்லாச் செடியும் தலையைத் தொங்கப்போட்டுவிடுகிறது. மூன்று வேளை போர் தண்ணீர் விட்டும் அப்படித்தான். தக்காளிப் பூ கொட்டுகிறது, பீர்க்கம் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது, மிளகாய் இலை சுருள்கிறது, செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்ததில் இலை கருகியதுதான் மிச்சம். மீன் அமிலத்தையும் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த திரவ உரம்) அளவு கூட்டிக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடியில் புதிதாக ஆரம்பிக்கலாமா? மே மாதம் ஒரு வாரம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். (வாசகி, திருச்சி)

பதில்: வணக்கம் அம்மா. பிடுங்க வேண்டியது தக்காளியை மட்டும்தான். மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம். நீங்கள் ஐந்தாறு வியாதிகளாக எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறது. வெயில் பட்ட பைக்குள் வேர் வெந்துகொண்டிருக்கிறது. அதற்கு மருந்து தெளித்துப் பயனில்லை.

முதலில் ஒரு சோதனை. மதியம் இரண்டு மணிக்குச் செடியைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் பரந்த இலையுள்ள கத்தரி, பீர்க்கு, பூசணி எல்லாமே வாடத்தான் செய்யும். இலை வழியே போகும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். இலை நிமிர்ந்து நின்றால் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. வாட்டம் வெயிலோடு வந்து வெயிலோடு போகிறது. காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் கவலை. ஒன்று பைக்குள் ஈரமில்லை, அல்லது ஈரம் மிஞ்சி வேர் அழுகுகிறது.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓரத்தில் கையை விட்டு நாலு விரல் ஆழம் தோண்டுங்கள். உங்கள் கலவையில் கோகோபீட் இருப்பதால் நான் ஒன்றைச் சந்தேகிக்கிறேன். கோகோபீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் லேசில் தண்ணீரை உள்ளே விடாது. சுருங்கிப் பையின் பக்கச் சுவரை விட்டு விலகி நிற்கும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடியில் ஒழுகிவிடும். மேலே இரண்டு விரல் சேறு, கீழே ஈரம் சொட்டுகிறது, நடுவில் பொடி! பார்க்கிறவர் ‘பை நிறைய நனைந்துவிட்டது’ என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். மூன்று வேளை ஊற்றியும் செடி வாடும் பல வீடுகளில் நான் பார்த்தது இதைத்தான்.

நடு காய்ந்திருந்தால், சிறிய பைகளை ஒரு டப்பில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். தூக்க முடியாத பைக்கு ஒரு சொம்பு ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு சொம்பு, இப்படி மூன்று தவணை. ஒருமுறை இப்படி ஊறவைத்துவிட்டால் அப்புறம் காலை ஏழுக்குள் ஒரு வேளை, மாலை ஐந்தரைக்கு மேல் தேவைப்பட்டால் ஒரு வேளை போதும். மாறாக, தோண்டிய இடம் சொதசொதவென்று புளித்த வாடை அடித்தால் தண்ணீரை நிறுத்துங்கள். வடிகால் துளை அடைத்திருக்கும், ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

மதியம் ஊற்றும் மூன்றாவது வேளையை அடியோடு விட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பைத் திறந்து முதல் தண்ணீரில் கையை நீட்டிப் பாருங்கள், கை சுடும். நாம் கையை இழுத்துக்கொள்கிறோம், செடி என்ன செய்யும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் வாடின கத்தரிக்கு மனசு கேட்காமல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தண்ணீரை விட்டவன்தான். நாலு செடி போன பிறகுதான் புத்தி வந்தது. காலையிலும்கூட முதல் இரண்டு குடம் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகு செடிக்குக் காட்டுங்கள்.

அடுத்தது பை. கறுப்புப் பை, சூடேறிய தரை, மேற்கு வெயில் மூன்றும் சேர்ந்தால் பை ஓரத்து மண் மதியம் கையால் தொட முடியாத சூட்டுக்குப் போகும். உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. தனித்தனியாக வரிசை கட்டி நிற்கும் பைகளை நெருக்கி ஒரே கூட்டமாக வையுங்கள். பெரிய பைகள் மேற்கிலும் தெற்கிலும், சிறியவை நடுவில். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு செங்கல். வெளிப்பக்கம் தெரியும் பைகளைச் சுற்றிப் பழைய வெள்ளை வேட்டியோ சணல் சாக்கோ கட்டிவிடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலை, கரும்புச் சோகை, தேங்காய் மட்டை எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள், தண்டை மட்டும் தொடாமல். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் பத்து நாளில் வித்தியாசம் கண்ணில் தெரியும்.

நிழல்வலை வாங்கினால் 35 சதவீதமோ 50 சதவீதமோ போதும். 75 சதவீத வலை ஆர்க்கிட் வளர்க்கிறவர்களுக்கு; அதன் கீழே வெண்டை நெட்டையாக வளருமே தவிரக் காய்க்காது. ஏழடி உயரத்தில் கட்டி மேற்குப் பக்கம் கொஞ்சம் தொங்கவிடுங்கள். வடக்கும் கிழக்கும் திறந்தே இருக்கட்டும். தேனீ வர வழி வேண்டும்.

இனி தக்காளி. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24, 25-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் உயிரிழந்துவிடும். பூ பூக்கும், பிடிக்காது, கொட்டும். சித்திரைத் திருச்சியில் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். தேங்காய்ப் பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல், பஞ்சகவ்யம் எதுவும் வெயிலைக் குறைக்கப் போவதில்லை. போதாததற்கு உங்கள் செடிக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. அதன் காலமே முடிகிற நேரம். நன்றி சொல்லி எடுத்துவிடுங்கள். ஆனி கடைசியில் நாற்று விட்டு ஆடியில் நடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அண்ணாஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து எடுத்த பி.கே.எம் 1 நம் பக்கத்துக்குப் பழகின ரகம்தான்.

காலியான பைகளில் கொத்தவரை, தட்டைப்பயறு, வெண்டை, சிறுகீரை போடுங்கள். வெயிலை மதிக்காத கூட்டம் இது. சிறுகீரை 25 நாளில் வீட்டுக்கு வந்துவிடும். வெண்டையில் மட்டும் இலை நரம்பு மஞ்சளாகி வலை பின்னினாற்போல் தெரிந்தால் அந்தச் செடியை அன்றே பிடுங்குங்கள். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, மருந்து கிடையாது.

பீர்க்கம் பிஞ்சு உதிர்வதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். உதிர்ந்த பிஞ்சை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளியும் அதில் பிசின் துளியும் இருந்தால் பழ ஈ. நறுக்கினால் வெள்ளைப் புழு நெளியும். அந்தப் பிஞ்சை உரக்குழியில் போடவே போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி நாலு நாள் வெயிலில் வைத்த பிறகு குப்பைக்கு அனுப்புங்கள். புதுப் பிஞ்சுக்குக் காகித உறை மாட்டலாம், பழ ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் ஒரு கியூலூர் பொறியும் தொங்கவிடலாம்.

புள்ளி எதுவும் இல்லாமல் சுருங்கி மஞ்சளாகியிருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். வெயில் காலத்தில் கொடிகளில் ஆண் பூ அதிகம், பெண் பூ குறைவு. அந்தக் குறைவிலும் தேனீ தப்பவிட்டால் காய் ஏது? பீர்க்கம் பூ மலர்வது சாயங்காலம். ஐந்தரை, ஆறு மணிக்குப் போனால் அப்போதுதான் விரிந்திருக்கும். அடியில் குட்டிப் பீர்க்கு இருப்பது பெண் பூ, வெறும் காம்போடு நிற்பது ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குத் தாங்கும். பாகலும் பூசணியும் இருந்தால் அவற்றுக்கு இதையே காலையில் செய்ய வேண்டும்.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முக்கியம். படகு போல மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். செடிக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் துளித்துளியாய் ஓடும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர். இரண்டுக்கும் வேப்பெண்ணெய் உதவும், அடிக்கிற விதத்தில் அடித்தால். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், அதைக் கரைக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மாலை ஐந்தரைக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறை, மூன்று வாரம். நீங்கள் வெயிலில் அடித்திருப்பீர்கள் அல்லது அளவு கூடியிருக்கும், அதனால்தான் கருகியது. முதலில் ஒரு கிளையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) நல்லது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் இந்த வெயிலில் அதுவும் இலையைக் கருக்கும்; வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தால் இன்னும் மோசம். விட்டுவிடுங்கள்.

செம்பருத்தி மாவுப்பூச்சிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். நுனி முழுக்க அப்பியிருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். பையில் எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள். எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல்காரன். தேய்க்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு நூலோடு, ஆனால் பெரிதாக, தொட்டால் விறுவிறுவென்று ஓடும் ஒன்று தென்பட்டால் அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்னவே வந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து மரவள்ளி, மல்பெரி வரை சூறையாடியபோது எத்தனையோ மருந்தடித்தார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு குளவிதான் அதை அடக்கியது.

மீன் அமிலத்தை மழை வரும்வரை நிறுத்துங்கள். காய்ந்த வேருக்குக் கெட்டியான உரம் கொடுத்தால் இலை ஓரம்தான் கருகும். உங்கள் போர் தண்ணீரிலும் உப்பு இருக்கலாம். பை விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காவிரிக் குழாய்த் தண்ணீரை அடியில் நன்றாக வடியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது. பிடித்து வைத்து இதற்குப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

சென்னைப் பயணம் மே 4-லிருந்து 28 வரையிலான கத்திரி வெயிலில்தான் அமையும் போலிருக்கிறது. தூக்க முடிந்த பைகளைப் படிக்கட்டு நிழலுக்கு இறக்குங்கள். கிளம்பும் முந்தைய மாலை எல்லாப் பையையும் சொன்ன மாதிரி மூன்று தவணையில் ஊறவைத்து, முற்றின காயையும் பிஞ்சையும் பறித்துவிடுங்கள். செடியின் பாரம் குறையும். பக்கத்து வீட்டில் யாரிடமாவது சாவி கொடுத்தால் ‘தினமும் தண்ணீர் ஊற்று’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பாவம், பத்து மணிக்கு எழுந்து அந்தச் சுடுதண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். காலை ஏழுக்குள், வாளியில் முந்தின இரவே பிடித்து வைத்த தண்ணீரை, பைக்கு இரண்டு சொம்பு என்று ஒரு தாளில் எழுதி மாடிக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள்.