அந்த மல்லிகை எப்போது மலர்ந்தது?

சின்னத்திரைத் தொடர்களில் 22 ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்தேன். அதில் பெரும்பகுதி கன்டினியூட்டி பார்க்கும் வேலை. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று காவல் காக்கும் பொறுப்பு அது. தொடர்களில் நீங்கள் கண்ட பிழைகளை எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இடம் உள்ளவரை பதில் சொல்கிறேன்.

கதாநாயகி அழுதுகொண்டே அறைக்குள் நுழையும்போது தலையில் மல்லிகை மொட்டாக இருக்கிறது. கட்டிலில் உட்காரும்போது முழுக்க மலர்ந்திருக்கிறது. அரை நிமிடத்தில் பூ மலருமா? இதைக்கூடவா கவனிக்க மாட்டீர்கள்?
*வாசகி, மன்னார்குடி*

நீங்கள் பார்த்த அரை நிமிடத்துக்குள் ஏழு மணி நேரம் இருக்கிறது, அம்மா. கதவைத் திறந்து நுழைவதைக் காலை பத்து மணிக்கு எடுத்திருப்பார்கள். மாமனாராக நடிப்பவரின் கால்ஷீட் மதியத்தோடு முடிகிறது என்றால், அவர் வரும் காட்சிகளை, அவை அடுத்த வாரத்து எபிசோடாக இருந்தாலும், இடையில் எடுத்துவிடுவார்கள். கட்டில் காட்சிக்குத் திரும்பும்போது மாலை ஐந்து. விளக்குகளின் சூட்டில் மொட்டுகள் எல்லாம் வாய் திறந்திருக்கும். இதற்காகவே நாங்கள் பூவை இரண்டு பங்காக வாங்கி, ஒரு பங்கை ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைப்போம். அதை எடுத்துத் தர மறந்த நாட்கள் எனக்கும் உண்டு.

என் பழைய நோட்டுகளில் ஒன்று இன்னும் கையில் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காட்சி 14. அம்மா. காபி டம்ளர் வலது கை. முக்கால் அளவு, நுரை இல்லை. 'உங்கள் அப்பா இருந்திருந்தால்' என்ற சொல்லில் டம்ளரைக் கீழே வைக்கிறார். முந்தானை செருகவில்லை. நெற்றியில் விபூதி மட்டும்." எந்தச் சொல்லில் டம்ளரை வைக்கிறார் என்பது வரை குறிப்பதற்குக் காரணம் உண்டு. அதே வசனத்தை, காட்சி முழுவதும் தெரியும் மாஸ்டர் ஷாட்டில் ஒரு முறை, எதிரில் இருப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் சஜஷனில் ஒரு முறை, குளோஸ்-அப்பில் ஒரு முறை என்று திரும்பத் திரும்பப் பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொல்லில் வைத்தால், எடிட்டர் ஒட்டும் இடத்தில் டம்ளர் கைக்கும் மேசைக்கும் தாவும்.

எல்லாம் தெரிந்தே விடும் பிழையும் உண்டு. நடிகை உள்ளம் உருகி அழுத டேக்கில் டம்ளர் இடது கையில் இருந்தால், எடிட்டர் அந்த டேக்கைத்தான் எடுப்பார். நானும் அதையே எடுக்கச் சொல்வேன். நன்றாக அழவைக்கும் காட்சியில் யாரும் டம்ளரைத் தேடுவதில்லை. நீங்கள் பூவைப் பார்த்தீர்கள் என்றால் அந்த அழுகை உங்களைத் தொடவில்லை என்று பொருள். பூவைவிட எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

நம் ஊரில் அவசரம், பணம் குறைவு. கோடிகளைக் கொட்டி எடுக்கும் வெளிநாட்டுத் தொடர்களில் இப்படி நடக்காது அல்லவா?
*வாசகர், நாகர்கோவில்*

நடக்கிறது, ஐயா. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் கடைசிப் பருவத்தில், 2019 மே 5 அன்று ஒளிபரப்பான பகுதியில், அரண்மனை விருந்து மேசையில் டேனெரிஸ் என்ற அரசிக்கு முன்னால் இந்தக் காலத்துக் காபிக் கோப்பை ஒன்று நின்றது. இரண்டே நாளில் அதை டிஜிட்டல் முறையில் அழித்துவிட்டார்கள். அதே மாதம் 19-ஆம் தேதி வந்த இறுதிப் பகுதியில் ஒரு நாற்காலிக் காலடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்! 1920-களில் நடக்கும் 'டவுன்டன் அபி' தொடரின் ஐந்தாம் பருவத்துக்காக 2014 ஆகஸ்டில் வெளியிட்ட விளம்பரப் படத்திலும், கணப்படுப்பு மாடத்தின் மேல் தண்ணீர் பாட்டில் இருந்தது. அந்தக் குழுவினர் பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. எல்லோரும் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்று படம் எடுத்து, குடிநீருக்காகப் பாடுபடும் 'வாட்டர்எய்ட்' அமைப்பைப் பற்றி உலகம் பேசும்படி செய்தார்கள்.

பணம் இருந்தாலும் படப்பிடிப்புத் தளத்தில் மனிதர்களுக்குத் தாகம் எடுக்கும். நானே நடிகர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பாட்டிலை எடுக்க மறந்து, ஷாட் ஓடும்போது நெஞ்சு பதைத்திருக்கிறேன்.

சோழர் காலக் கதை என்கிறார்கள். அரண்மனைச் சமையலறையில் காய்ந்த மிளகாயைச் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் "அப்போது மிளகாய் இருந்ததா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?
*வாசகர், விழுப்புரம்*

"இல்லை" என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்கத் தோன்றிய பிள்ளையை உச்சி முகருங்கள். ராஜராஜன் ஆண்ட காலம் 985 முதல் 1014 வரை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அந்தப் பக்கம் போனதே 1492-ல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-ல். அதன் பிறகு போர்ச்சுகீசியர் வழியாகத்தான் மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. ராஜராஜன் வீட்டுக் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால்தான் வந்தவனுக்கு மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் பக்கத்து மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும் அப்படித்தான். மணிலாக்கொட்டை என்ற பெயரே அது கடல் கடந்து வந்த வழியைச் சொல்கிறது. மரவள்ளி, கொய்யா, அன்னாசி, முந்திரி எல்லாமே அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான்.

சமையலறையையாவது கலை இயக்குநர் திருத்திவிடலாம். வெளிப்புறப் படப்பிடிப்பில் எங்களை அழவைப்பது வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேலம். வீரர்கள் குதிரையில் பாய்ந்து வருவார்கள், இரண்டு பக்கமும் வேலிகாத்தான் புதர். பெயரிலேயே 'சீமை' இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்த மரம் அது. ஒரு சரித்திரத் தொடருக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் இடம் தேடி இரண்டு நாள் சுற்றினோம். அந்த மரம் இல்லாத ஒரு கண்மாய்க்கரை கிடைக்கவில்லை. கடைசியில் கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, வானமும் குதிரைக் கால்களும் மட்டும் தெரிய எடுத்தோம். காகிதப்பூக் கொடியும், தைல மரமும் வந்தால் அவையும் பிழைதான். உங்கள் மகளை அவற்றையும் தேடச் சொல்லுங்கள்.

கொலை வழக்குக்கு இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. ஒரு தொடரில் இன்னும் '302' என்கிறார்கள். பிழைதானே?
*வாசகர், மதுரை*

கதையில் கொலை எப்போது நடந்தது என்று பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. அன்று முதல் நடந்த கொலைக்குப் பிரிவு 103. அதற்கு முன்பு நடந்ததற்குப் பழைய 302-தான், வழக்கு இன்றைக்கு நடந்தாலும். பிழை என்று எழுதும் முன் கதையின் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் திரையில் கோடு நேராகிவிட்ட பிறகு மருத்துவர் மின்அதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்கிறார். வகுப்பில் எங்களுக்கு வேறு மாதிரி சொல்லித் தருகிறார்கள்.
*செவிலியர் கல்லூரி மாணவி, சேலம்*

உங்கள் வகுப்பில் சொல்வதுதான் சரி. இதயம் ஒழுங்கில்லாமல் துடித்து நடுங்கும் சில நிலைகளில்தான் அந்த அதிர்ச்சி பலன் தரும். கோடு நேராகிவிட்டால் மார்பை அழுத்திக்கொண்டே மருந்து கொடுப்பார்கள். 1996-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைத்து வீடு திரும்புவதாகக் காட்டினார்கள் என்று அதில் கண்டார்கள். உண்மையில் பிழைப்பவர்கள் அதைவிட மிகக் குறைவு. திரையை நம்பி மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

வயலில் என் கணவரைப் பாம்பு கடித்தது. தொடர்களில் வருவது போலக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வாயால் உறிஞ்ச வேண்டும் என்று என் மாமியார் பிடிவாதம் பிடித்தார். நல்லவேளையாகப் பக்கத்து வீட்டுத் தம்பி பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது நலம். அப்படிச் செய்வது சரியா?
*வாசகி, தருமபுரி*

தங்கையே, அவர் நலமாக இருக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கட்டவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது, கத்தியால் கீறவும் கூடாது. விஷம் சதைக்குள் பரவிவிடும், வாயால் இழுத்தால் வெளியே வராது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகிப்போகலாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், எலும்பு முறிந்ததற்குச் செய்வது போல அந்தக் காலை அசையாமல் வைத்து, மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றிவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 108-ஐ அழையுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிமருந்து இருக்கிறது. அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துத் தருபவர்கள், மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978-ல் தொடங்கிய சங்கம் அது.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை செய்த ஒரு தொடரிலும் அப்படி ஒரு காட்சி இருந்தது. கதாநாயகன் சட்டையைக் கிழித்துக் கட்டி, அவள் காலில் வாய்வைத்து உறிஞ்சுவான். அந்த நாள் பக்கத்தை இப்போது புரட்டிப் பார்த்தேன். "கட்டு: கணுக்காலுக்கு மேல் நான்கு விரல். முடிச்சு வெளிப்பக்கம். ரத்தம்: இரண்டு புள்ளி." முடிச்சு எந்தப் பக்கம் என்று குறித்திருக்கிறேன். கட்டலாமா என்று ஒரு மருத்துவரிடம் கேட்கத் தோன்றவில்லை. ஒளிபரப்பான பத்தாம் நாள், ஓர் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரின் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. கருத்துப்போன காலோடு ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள் என்றும், எங்கள் தொடரைப் பார்த்துத்தான் கட்டினோம் என்று வீட்டார் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தார். அந்தப் பையனின் கால் என்ன ஆனது என்று கடிதத்தில் இல்லை. பதில் எழுதிக் கேட்டேன், மறுமொழி வரவில்லை. மலர்ந்த மல்லிகையையும் தாவும் டம்ளரையும் மன்னித்துவிடுங்கள். இதை மன்னிக்காதீர்கள். இனி எந்தத் தொடரில் பார்த்தாலும், தேதியும் காட்சியும் குறித்துத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அன்றைக்கே எழுதுங்கள்.

வாசகர்கள் எழுதி எதுவாவது மாறியிருக்கிறதா?
*வாசகி, கோயம்புத்தூர்*

மாறியிருக்கிறது. ஒரு தொடரில் நள்ளிரவுக் காட்சி. கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும், மொட்டைமாடிக்கு நேர் மேலே மூன்றாம் பிறை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டையில் நான்கு வரி எழுதினார்: "மூன்றாம் பிறை அந்தி நேரத்தில் மேற்கே தெரியும். சற்று நேரத்தில் மறைந்துவிடும். நள்ளிரவில் உச்சிக்கு வராது. ஒரு நாள் மேற்கே பார்க்கவும்." மறுநாள் பஞ்சாங்கம் ஒன்று வாங்கினேன். அந்த மாத வளர்பிறையில், ஆசிரியர் சொன்னபடியே, ஸ்டூடியோ வாசலில் நின்று மேற்கே பார்த்தேன். ஏழரை மணிக்குள் பிறை தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து என் நோட்டில் இரவுக் காட்சி எழுதும் பக்கங்களில் உடை, நகை, கைப்பொருள் என்ற கட்டங்களோடு 'திதி' என்றும் ஒரு கட்டம் சேர்ந்தது.